பத்து நாள், ஒரு சாணி: மாட்டு ஈயோட முழுக் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்த வரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் ஏஐ இல்ல, ஸ்டார்ட்அப் இல்ல, லேஆஃப் பத்தின புலம்பலும் இல்ல. இந்த வாரம் ஈ. ஆமா, ஈ தான். மாட்டு மேல உக்காருமே, அந்த ஈ.

ஸ்கிப் பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை குடுக்கிறேன். அடுத்த தடவை ரோட்டுல ஒரு மாடு நிக்கிறதைப் பாத்தா, ஒரே ஒரு நிமிஷம் நின்னு கவனிங்க. சிதம்பரம்காரங்களுக்குக் கீழ வீதி போதும், கடலூர்காரங்களுக்கு முதுநகர் போதும், சென்னைக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். மாடு வாலை எத்தனை தடவை வீசுது? காலை எத்தனை தடவை தரையில உதைக்குது? தலையைத் திருப்பித் தன் முதுகையே எத்தனை தடவை அடிக்குது?

எண்ணிப் பாத்தா உங்களுக்கே அலுத்துடும். ஆனா அந்த மாட்டுக்கு லீவ் கிடையாது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இதேதான்.

நம்ம வேலையில ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டம் மக்கர் பண்ணா முதல்ல லாகைப் படிப்போம். மாடு ஆடுற ஆட்டமும் ஒரு லாக் தான். படிக்கத் தெரிஞ்சா, எந்த ஈ கடிக்குது, அந்த ஈ எங்க பொறந்துச்சு, அதை எங்க நிறுத்தலாம்னு வரைக்கும் சொல்லிடலாம்.

ஒரே பேர், மூணு ஈ

நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் பொதுவா ‘மாட்டு ஈ’ன்னு ஒரே பேர் தான். ஆனா உள்ள போய்ப் பாத்தா, மேய்ச்சல் மாட்டைக் கடிச்சு ரத்தம் குடிக்கிறதுல முக்கியமா மூணு கோஷ்டி இருக்கு.

மாடு சும்மா நிக்காம காலைத் தூக்கித் தூக்கித் தரையில அடிச்சா, அது பெரும்பாலும் கொட்டாய் ஈ. ஆங்கிலத்துல ஸ்டேபிள் ஃப்ளை, அறிவியல் பேர் ஸ்டொமாக்சிஸ் கால்சிட்ரன்ஸ். இது கடிக்கிற இடமே கால்தான்.

திடீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி மாடு துள்ளி ஓடினா, அது டபானஸ். நல்ல பெருசு, பளபளன்னு பெரிய கண்ணு, தேனீயை விடத் தடிமன். அதோட வாய் ஊசி மாதிரி குத்தாது, கத்தி மாதிரி கிழிக்கும். கிழிச்ச இடத்துல ஊறுற ரத்தத்தை நக்கும். அதனாலதான் அந்த வலி. இதுல பெண் ஈ மட்டும்தான் கடிக்கும், கொசு மாதிரி.

மூணாவதுதான் இன்னைக்கு நம்ம ஹீரோ. இல்ல, வில்லன். மாடு தலையைத் திருப்பித் தோளையும் முதுகையும் அடிச்சுக்கிட்டே இருந்தா, முதுகுல கறுப்பு எள்ளைத் தூவின மாதிரி கும்பலா ஒட்டிக்கிட்டு இருக்கிற சின்ன ஈ. பஃபலோ ஃப்ளை, அதாவது எருமை ஈ. அறிவியல் பேர் ஹீமட்டோபியா எக்ஸிகுவா. பேர்ல எருமை இருந்தாலும் பசு மாட்டையும் விடாது. இதே குடும்பத்துல இன்னொன்னு, ஹீமட்டோபியா இரிட்டன்ஸ். அதை ஹார்ன் ஃப்ளைன்னு சொல்வாங்க. ஐரோப்பாவிலிருந்து 1880-களில் அமெரிக்காவுக்குப் போய், அங்க மாட்டுப் பண்ணைகளையே ஆட்டி வெச்சது அது. ரெண்டும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

கிட்டப் போய்ப் பாக்கலாம்

எருமை ஈ சின்னது. நாலு மில்லிமீட்டர் இருந்தா அதிகம். வீட்டு ஈயில பாதி. சாம்பல் நிறம், நெஞ்சுப் பகுதியில நீளவாக்குல கருங்கோடு. தலைக்கு முன்னாடி ஊசி மாதிரி ஒரு உறிஞ்சுகுழல் நீட்டிக்கிட்டு இருக்கும். வீட்டு ஈக்கு ஸ்பாஞ்ச் மாதிரி வாய், அதால கடிக்கவே முடியாது. எருமை ஈக்கு முழுக்க முழுக்கக் கடிக்கிற வாய். ஆண், பெண் ரெண்டுமே ரத்தம் குடிக்கும்.

கண்டுபிடிக்க ஒரு ஈஸியான வழி இருக்கு. எப்படி உக்காந்திருக்குன்னு பாருங்க. எருமை ஈயும் ஹார்ன் ஃப்ளையும் பெரும்பாலும் மாட்டு மேல தலைகீழா, தலை தரையைப் பாத்த மாதிரி உக்காரும். ரெக்கை ரெண்டும் லேசா விரிஞ்சு முக்கோணம் மாதிரி இருக்கும். கொட்டாய் ஈ தலை மேல பாத்த மாதிரி காலில் உக்காரும். அது வீட்டு ஈ அளவு இருக்கும், வயிற்றுப் பகுதியில் கறும்புள்ளிகள் தெரியும்.

இப்போ முக்கியமான வித்தியாசம். கொட்டாய் ஈ ஹோட்டலுக்கு வர்ற கஸ்டமர் மாதிரி. வரும், ரத்தம் குடிக்கும், போயிடும். மீதி நேரம் சுவர்லயும் வேலியிலயும் உக்காந்து ஜீரணம் பண்ணும். எருமை ஈ அப்படி இல்ல. அது குடித்தனமே மாட்டு மேலதான். பகலும் அங்கதான், ராத்திரியும் அங்கதான். வெயில் ஏறினா முதுகுலருந்து இறங்கி வயிற்றுக்கு அடியில நிழலுக்குப் போயிடும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 20-லிருந்து 40 தடவை வரைக்கும் குத்திக் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.

சின்னக் கணக்கு ஒன்னு போடலாம். அமெரிக்காவில் ஹார்ன் ஃப்ளைக்கு ஒரு எல்லை வெச்சிருக்காங்க. ஒரு மாட்டு மேல 200 ஈ தாண்டினா நஷ்டம் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். 200 ஈ, ஒவ்வொன்னும் 30 தடவைன்னு வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 6000 குத்து. ரத்தம் போறது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், மாடு மேயாம, அசை போடாம, படுக்காம நாள் முழுக்கச் சண்டை போடறது. தின்னது பாலாகாம வால் வீசறதுக்கே போகுது.

வெளிய போறது ஒரே ஒரு வேலைக்கு

மாட்டை விட்டு நகராத இந்த ஈ ஒரே ஒரு காரணத்துக்கு இறங்கும். முட்டை போட.

மாடு சாணி போட்ட சில நிமிஷத்துக்குள்ள பெண் ஈக்கள் இறங்கி வரும். சூடு ஆறாத, ஈரம் காயாத, மேல ஆடை கட்டாத சாணிதான் வேணும். நேத்துச் சாணி வேணாம், காலையில போட்ட சாணி மத்தியானத்துக்கு வேணாம். இறங்கும், சாணியோட ஓரத்துலயும் அடியிலயும் முட்டையைச் செருகும், திரும்ப மாட்டுக்கே பறந்து போயிடும். முழு விசிட்டும் நிமிஷக் கணக்கு. முட்டை ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது, செம்பழுப்பு நிறம். சாணி நிறத்துல கண்ணுக்கே தெரியாது.

ஒரு நாளுக்குள்ள முட்டை பொரியும். வெள்ளைப் புழு. அந்தப் புழு சாணியில இருக்கிற பாக்டீரியாவையும் சத்தையும் தின்னுக்கிட்டே மூணு தடவை வளர்ச்சி நிலை மாறும். நல்ல வெப்பம் இருந்தா நாலஞ்சு நாள். அப்புறம் சாணிக்கு அடியிலயோ கீழ இருக்கிற மண்ணுலயோ போய்க் கூட்டுப்புழு ஆகும். தனியா கூடு கட்டாது. தன் கடைசித் தோலையே கெட்டியாக்கி, அதுக்குள்ளயே இருந்துக்கும். பாக்க ஒரு சின்னப் பழுப்பு மாத்திரை மாதிரி இருக்கும்.

உள்ளருந்து வெளிய வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். புது ஈயோட நெத்தியில ஒரு பை இருக்கு. உடம்புத் திரவத்தை அதுக்குள்ள தள்ளி பலூன் மாதிரி ஊதும். அந்த பலூனால கூட்டோட மூடியை உடைக்கும், அதே பலூனால சாணியையும் மண்ணையும் முட்டிக்கிட்டு மேல வரும். வேலை முடிஞ்சதும் பை தலைக்குள்ள சுருங்கிடும், திரும்பத் திறக்கவே திறக்காது. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை பயன்படுற டூல். வீட்டு ஈக்கும் இதே ஏற்பாடுதான்.

சூடான ஊர்ல முட்டையிலருந்து ஈ வரைக்கும் மொத்தம் பத்து நாள், கொஞ்சம் முன்ன பின்ன. குளிர் நாட்டுல ஹார்ன் ஃப்ளையோட கூட்டுப்புழு பனிக்காலம் முழுக்க அப்படியே உறங்கும், வருஷத்துல பல மாசம் மாட்டுக்கு நிம்மதி. நம்ம ஊர்ல பனி எங்க? மார்கழிக் குளிர் எல்லாம் ஈக்குக் கணக்கே இல்ல, கொஞ்சம் ஸ்லோ ஆகும், அவ்வளவுதான். பத்துப் பதினாலு நாளைக்கு ஒரு தலைமுறைன்னா வருஷத்துக்கு 25 தலைமுறைக்கு மேல. ஒரு பெண் ஈ தன் ரெண்டு மூணு வார வாழ்க்கையில சில நூறு முட்டை போடும். எல்லாம் பிழைச்சா உலகத்துல மாடே மிஞ்சாது. ஆனா பிழைக்கிறதில்ல. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்போதைக்கு ஒன்னு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. பெரிய ஈ மாட்டு மேல இருக்கு. ஆனா ஈ தயாராகிற ஃபேக்டரி சாணியில இருக்கு. ஃபேக்டரி ஓட பத்து நாள் ஈரம் வேணும். அந்தப் பத்து நாள் கலையாம ஒரு சாணி ஒரே இடத்துல கிடக்கணும். இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான்.

நம்ம ஊரும் ஈயும்

கடலூர், சிதம்பரம் பக்கம் தெரிஞ்சவங்களுக்கு இந்த நிலத்தோட காலண்டர் தெரியும். வீராணம் தண்ணி பாயிற ஊர்கள்ல ஐப்பசி, கார்த்திகையில அடைமழை. தையில, மாசியில சம்பா அறுப்பு. அதுக்கப்புறம் பல வயல்ல உளுந்து, பயறு. அதுவும் எடுத்தாச்சுன்னா கோடையில வயல் காலி. மாடு, ஆடு எல்லாம் தாள்ல மேயும். ராமநாதபுரம் பக்கத்துலருந்து ஆட்டுக் கிடை வரும்.

ஈயோட காலண்டரும் இதுக்குள்ளதான் ஓடுது. அடிச்சு ஊத்துற மழையில வெட்டவெளிச் சாணி கரைஞ்சு ஓடிடும், புழு தப்பாது. சித்திரை வெயில்ல சாணி ரெண்டு நாள்ல வறண்டு தட்டாயிடும், அதுலயும் புழு காஞ்சிடும். ரெண்டுக்கும் நடுவுல, மழை விட்டு மண்ணு ஈரமா, வெயில் இதமா இருக்கிற நாட்கள்தான் ஈக்குக் கொண்டாட்டம். அப்போதான் மாட்டுக் கொட்டாய்ல புகை மூட்டம் போட ஆரம்பிப்பாங்க.

புவனகிரி பக்கம் என் பெரியம்மா வீடு. மூணு மாடு, ஒரு எருமை. போன மழைக்கு அப்புறம் லேப்டாப்போட அங்க ஒரு வாரம் இருந்தேன். சாயந்திரம் ஆனா பெரியம்மா பழைய சட்டியில வறட்டியை உடைச்சுப் போட்டு, மேல நொச்சித் தழை, வேப்பந்தழை போட்டு மூட்டம் போடுவாங்க.

“எதுக்கு பெரியம்மா, கண்ணு எரியுதே?”

“உனக்குக் கண்ணு எரியுது. அதுக்கு ஒடம்பே எரியுதுப்பா” என்றார்.

அதுக்கு மேல நான் கேக்கல. நொச்சியும் வேம்பும் புகையறப்போ ஈ விலகுது, நான் நேர்ல பாத்தேன். ஆனா புகை நின்ன அரை மணியில திரும்ப வந்துடுது. ராத்திரி மாடு படுக்கவாவது அந்த அரை மணி வேணும்னு பெரியம்மா சொன்னாங்க. ஒரு விஷயம் மட்டும்: வைக்கோல் பக்கத்துல, மூடின கொட்டாய்ல மூட்டம் போடாதீங்க. நெருப்பு ஒரு பக்கம், மாட்டோட நுரையீரல் இன்னொரு பக்கம்.

எருமைக்கு அந்தப் புகையும் தேவைப்படல. அது பகல் முழுக்கக் குட்டையில கிடந்துட்டு சேறு பூசிக்கிட்டு வந்துச்சு. தோல் மேல காஞ்ச சேறு, ஈக்குக் குத்த இடமில்ல. எருமைமாடு மாதிரி படுத்துக் கிடக்கிறான்னு நாம திட்டுறோமே, அது சும்மா படுத்துக் கிடக்கல. ரெயின்கோட் போட்டுக்குது.

வைக்கோல்ல பொறக்கிறவன்

கொட்டாய் ஈ விஷயத்துக்கு வரேன், ஏன்னா அதுல ஆபத்து வேற மாதிரி. அது சுத்தமான சாணியைத் தேடுறதில்ல. அதுக்கு மட்கின வைக்கோல் வேணும். தொட்டியிலருந்து சிதறின வைக்கோல், அதுல மாட்டு மூத்திரம், கொஞ்சம் சாணி, மூணும் கலந்து ஊறினா அதுதான் அதோட பிரசவ வார்டு. முட்டையிலருந்து ஈ வரைக்கும் ரெண்டு மூணு வாரம். நெல் விளையுற நம்ம மாவட்டத்துல வைக்கோலுக்குப் பஞ்சம் உண்டா?

இது ஹோட்டல் கஸ்டமர்னு சொன்னேன்ல. சிக்கலே அதுதான். ஒரு மாட்டைக் கடிச்சுப் பாதி குடிக்கிறப்போ மாடு காலை உதைக்கும். ஈ பறந்து பக்கத்து மாட்டுல போய் மீதியைக் குடிக்கும். முதல் மாட்டோட ரத்தம் அதோட வாயில ஈரமா இருக்கும். அந்த ரத்தத்துல நோய் இருந்தா அதுவும் கூடவே போகும்.

2019-ல் ஒடிசாவில் இந்தியாவுல முதல் தடவையா ஒரு மாட்டு நோய் பதிவாச்சு. தோல் கழலை நோய். உடம்பு பூராக் கட்டி கட்டியா வரும், காய்ச்சல், பால் வத்திடும். 2022-ல் ராஜஸ்தான், குஜராத்னு பரவி நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல மாடுகளைக் கொன்னுச்சு. அது ஒரு வைரஸ், ஆட்டம்மை வைரஸோட சொந்தக்காரன். மாட்டுக்கு மாடு அதைத் தூக்கிட்டுப் போறது ரத்தம் குடிக்கிற பூச்சிங்கதான். கொட்டாய் ஈ, கொசு, உண்ணி. நம்ம பக்கமும் வந்துச்சு. பெரியம்மா வீட்டுல ஒரு கன்னுக்குட்டி தப்பல. அந்த வீட்டுல கன்னுக்குட்டின்னா சும்மா ஒரு பிராணி இல்ல. மூணு வருஷம் கழிச்சு வரப்போற பால், அதை நம்பி வாங்கின கடன், ஒரு பேத்தியோட காலேஜ் ஃபீஸ்.

டபானஸுக்கும் இதே மாதிரி ஒரு க்ரைம் ரெக்கார்ட் இருக்கு. 1880-ல் கிரிஃபித் எவன்ஸ்னு ஒரு கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில், சர்ரா என்ற நோயால் சாகிற குதிரை, ஒட்டகங்களோட ரத்தத்துல நெளியுற ஒரு நுண்ணுயிரைக் கண்டார். இன்னைக்கு அதுக்கு அவர் பேரையே வெச்சு ட்ரிபனோசோமா எவன்சின்னு சொல்றோம். அதை ஒரு விலங்குலருந்து இன்னொன்னுக்குக் கடத்துறதுல முதல் குற்றவாளி டபானஸ்.

நோயே இல்லாமலும் ஈ கொல்லும். தான்சானியாவுல கோரோங்கோரோன்னு ஒரு பெரிய எரிமலைப் பள்ளம், சிங்கங்களுக்குப் பேர்போன இடம். 1962-ல் மழை அதிகமாகி, நாம பேசுற இதே கொட்டாய் ஈ அங்க பெருத்துப் போச்சு. கடிச்ச இடமெல்லாம் புண்ணாகி, வேட்டையாட முடியாம சிங்கங்கள் செத்தது. கடைசியில பத்துச் சிங்கம் அளவுக்குத்தான் மிஞ்சுச்சு. சிங்கத்துக்கே அந்த நிலைமைன்னா, கயித்துல கட்டிப் போட்ட மாட்டை நினைச்சுப் பாருங்க.

யாரும் எழுதி வைக்காத ஃபீச்சர்

எல்லா முட்டையும் ஏன் ஈயாகிறதில்லன்னு பின்னாடி சொல்றேன்னு சொன்னேன்ல? அதுக்கு முதல் காரணம், சாணிக்கு நம்மூர்ல போட்டி ஜாஸ்தி.

சாணி விழுந்த கொஞ்ச நேரத்துல சாணி வண்டு வந்துடும். சிலது உருட்டிக்கிட்டு ஓடும், சிலது அங்கயே அடியில குழி தோண்டி உள்ள இழுத்துக்கும். நல்ல வண்டுக் கூட்டம் இருந்தா ரெண்டு நாள்ல அந்த இடத்துல உமி மாதிரி ஏதோ கிடக்கும், அவ்வளவுதான். புழுவுக்குப் பத்து நாள் வேணும், இங்க ரெண்டு நாள்ல வீடே காலி. இதுல இன்னொரு கூத்து, அந்த வண்டு உடம்புல சின்னச் சின்னச் சிலந்திப்பேன்கள் ஓசி சவாரி பண்ணிக்கிட்டு வரும். சாணிக்கு வந்ததும் இறங்கி ஈயோட முட்டையைத் தின்னும். எறும்பு தின்னும். உண்ணிக்கொக்கு மாட்டுக் காலடியில நடந்துக்கிட்டே பூச்சி பிடிக்கும். கரிச்சான் மாட்டு முதுகுல உக்காந்து பறக்குற ஈயைப் பிடிக்கும்.

இந்த டீம் இல்லன்னா என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவைப் பாருங்க. அங்க மாடே கிடையாது, 1788-ல் ஐரோப்பியர்கள் கப்பல்ல கொண்டு வந்தாங்க. அந்த ஊர் வண்டுங்க கங்காருவோட காஞ்ச புழுக்கைக்குப் பழகினவை. மாட்டுச் சாணியை என்ன செய்யறதுன்னே தெரியல. சாணி மாசக்கணக்கா கிடக்கும். 1830-களில் தைமூரிலிருந்து எருமை கொண்டு வந்தப்போ எருமை ஈயும் கூடவே போச்சு. ஃபேக்டரிக்கு இடம் ரெடி, காவல் இல்ல. வேற கேக்கணுமா?

ஹங்கேரியில பொறந்த ஜார்ஜ் போர்னமிசான்னு ஒரு பூச்சியியலாளர் ஆஸ்திரேலியா போனப்போ, ஐரோப்பாவுல மண்ணுக்குள்ள போற சாணி இங்க ஏன் அப்படியே கிடக்குதுன்னு கேட்டார். அந்தக் கேள்விதான் 1965-லிருந்து 1985 வரை, சிஎஸ்ஐஆர்ஓ நடத்தின சாணி வண்டுத் திட்டம் ஆச்சு. வெளிநாட்டிலிருந்து 43 வகை வண்டுகளைக் கொண்டு வந்து விட்டாங்க. 23 வகை ஊன்றி நின்னுச்சு. மண்ணு வளமாச்சு, சாணியில வளர்ற வேற ஒரு ஈ பல இடங்கள்ல குறைஞ்சது. எருமை ஈ முழுசா ஒழியல, இன்னைக்கும் அங்க பிரச்சினைதான். ஆனா அவங்க இருபது வருஷம் செலவு பண்ணிக் கொண்டு வந்த வண்டு நம்ம வயல்ல சும்மாவே இருக்கு.

ரெண்டாவது காரணம், மனுஷக் கை. பெரியம்மா காலையில அஞ்சு மணிக்கு எழுந்ததும் முதல் வேலை கொட்டாய்ல சாணி அள்ளுறது. கூடையில அள்ளி, கொஞ்சம் வாசல் தெளிக்க, கொஞ்சம் வறட்டி தட்ட, மீதி எருக்குழிக்கு. வறட்டியைத் தட்டிச் சுவர்ல அறைஞ்சா என்ன ஆகும்? ஒரு கொழுத்த ஈரச் சாணி மெல்லிசான அடையாகி, வெயில்ல காஞ்சிடும். அதுல இருந்த முட்டையும் புழுவும் முடிஞ்சது. பெரியம்மா வறட்டி தட்டினது அடுப்புக்கு. ஈயை ஒழிக்கணும்னு தட்டல. ஆனா தினமும் காலையில ஒரு நாளோட ஃபேக்டரியை மூடிட்டுத்தான் காபி குடிச்சாங்க.

நம்ம ஃபீல்டுல பழைய கோடை மாத்துறப்போ ஒரு பயம் இருக்கும். யாரோ எழுதின ஒரு வரி எதுக்குன்னே தெரியாது, தூக்கிட்டா வேற எங்கயோ உடையும். வறட்டி அப்படித்தான். கேஸ் அடுப்பு வந்துச்சு. ரொம்ப நல்லது, ஒரு தலைமுறைப் பொம்பளைங்களோட நுரையீரல் தப்பிச்சது. நான் யாரையும் திரும்ப அடுப்பூதச் சொல்லல. உரம் மூட்டையில வந்துச்சு. பிள்ளைங்க சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துட்டோம். சாணி அள்ளுறதுக்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்னா போச்சு. அதோட சேர்ந்து, யாருமே கணக்குல எழுதாத, சம்பளமே குடுக்காத ஒரு ஈ கன்ட்ரோல் சிஸ்டமும் போச்சு. டவுன்ல பாருங்க, ரோட்டுல போட்ட சாணியை யார் அள்றாங்க?

மருந்து அடிச்சா போகாதா?

போகும். கொஞ்ச நாளைக்கு.

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில், பூச்சிமருந்து தடவின பிளாஸ்டிக் காது அட்டையை மாட்டுக்கு மாட்டினாங்க. ஆரம்பத்துல அற்புதமா வேலை செஞ்சது. சில வருஷத்துல ஹார்ன் ஃப்ளை அந்த மருந்துக்குப் பழகிடுச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை வர்ற உயிரினம் அது. மருந்துல தப்பிக்கிற ஒரு சிலது மட்டும் குட்டி போட்டுக்கிட்டே இருந்தா, கொஞ்ச நாள்ல ஊர் முழுக்க தப்பிக்கிற கூட்டம்தான் இருக்கும்.

இன்னொன்னு, ஐவர்மெக்டின். நல்ல மருந்து, அதைக் கண்டுபிடிச்ச வேலைக்கு 2015-ல் நோபல் பரிசே கிடைச்சது. ஆனா மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டினில் பெரும்பகுதி சாணி வழியா வெளிய வரும். சாணியில ஈயோட புழுவைக் கொல்லும். கூடவே சாணி வண்டோட புழுவையும் கொல்லும். 1987-லேயே இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதை எழுதினாங்க, அந்த மருந்து கலந்த சாணி மட்காம அப்படியே கிடக்குதுன்னு. கறக்கிற மாட்டுக்குப் போட்டா பாலிலும் வரும். அதனால கடையில கேட்டு வாங்கிப் போடுற சமாச்சாரம் இல்ல இது. எப்போ, எவ்வளவுங்கிறதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்லணும்.

மருந்தே இல்லாத ஒரு ஐடியா எனக்குப் பிடிச்சது. 1930-களில் அமெரிக்காவில் புரூஸ் என்பவர் செஞ்ச நடைபாதைப் பொறி. மாடு ஒரு இருட்டான கூண்டு வழியா நடந்து போகணும். உள்ள தொங்குற துணி, பிரஷ் எல்லாம் முதுகைத் தேய்க்கும். கலைஞ்ச ஈ வெளிச்சம் வர்ற பக்கம் பறக்கும், அங்க வலைப்பெட்டி. உள்ள போகலாம், வெளிய வர முடியாது. எப்போதும் மாட்டு மேலயே இருக்கிற ஈக்கு மட்டும்தான் இது வேலை செய்யும். எதிரியோட பழக்கத்தையே பிடிச்சு டிசைன் பண்ணிருக்கார் பாருங்க.

சரி, நாம என்ன செய்யலாம்?

மாடு இருக்கிற வீடுன்னா, பத்து நாள் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. கொட்டாய்ச் சாணியை தினமும் அள்ளுங்க. முடியலன்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது. மேய்ச்சல்ல கிடக்கிற சாணியை வெயில் நாள்ல மண்வெட்டியால பரத்தி விட்டாலே போதும், காஞ்சிடும். எருக்குழியை மூடி வைங்க, அப்பப்போ கிளறி விடுங்க. குவியலோட நடுவுல வர்ற சூட்டுல புழு பிழைக்காது, ஆனா ஈரமான மேல்பக்கம் ஈக்கு ஜாலி. சாண எரிவாயுக் கலன் வைக்க வசதி இருந்தா, அடுப்புக்கு கேஸும் ஆச்சு, ஃபேக்டரியும் மூடியாச்சு. தொட்டிக்குக் கீழ சிதறுற வைக்கோலைக் கூட்டித் தள்ளுங்க, அது கொட்டாய் ஈக்கு. ஃபேன் வெச்சா பலவீனமாப் பறக்கிற பூச்சிகள் கிட்ட வர சிரமப்படும்.

மாட்டு உடம்புல கட்டி, காய்ச்சல், கண்ணுல தண்ணி, திடீர்னு பால் குறைவு, எது பாத்தாலும் காத்திருக்காதீங்க. தமிழ்நாட்டுல நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962. மறக்கவே முடியாது, சிங்கம் செத்த வருஷம்.

மாடே இல்லாத நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. நம்மள்ல நிறையப் பேர் வீட்டுல, இல்ல பாட்டி வீட்டுல, இன்னும் ஒரு மாடு இருக்கும். அடுத்த தடவை போன் பண்றப்போ “பால் எவ்வளவு கறக்குது?”ன்னு கேக்கிறதோட நிறுத்தாம, “சாணி யாரு அள்றா?”ன்னும் கேளுங்க. பதில் பெரும்பாலும் அறுபது வயசு தாண்டின ஒரு முட்டியா இருக்கும். அந்த வேலைக்கு ஆள் வெக்க மாசம் நாம ஓடிடிக்குக் கட்டுற காசுல கொஞ்சம் போதும்னா, அது ஈ மருந்தை விட நல்ல முதலீடு.

ஊருக்குப் போறவங்க, மாடு எந்தப் பக்கம் அடிச்சுக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. காலா, முதுகா, துள்ளலா? வாய்ஸ் நோட்டா அனுப்பினீங்கன்னா அடுத்த எபிசோட்ல போடறேன். அடுத்த வாரம் உண்ணி பத்திப் பேசலாமா, இல்ல கரிச்சான் பத்தியான்னு அதையும் சேர்த்துச் சொல்லுங்க.